என் பெயர்க்காரி

அந்தத் தந்தி என் மேசையில், நான் அடுக்கி வைத்திருந்த அட்டைகளுக்கு மேலே கிடந்தது. திங்கட்கிழமை காலை. மெல்பேர்னில் மே மாதம் என்றால் இலையுதிர் காலத்தின் கடைசி. பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் பட்டியல் பிரிவு இருந்தது. யன்னலுக்கு வெளியே நின்ற எல்ம் மரங்கள் மஞ்சள் இலைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தன. அந்த மஞ்சள் வெளிச்சம் கண்ணாடி வழியாக வந்து சுவர், மேசை, மனிதர்கள் எல்லாவற்றையும் தேனுக்குள் வைத்ததுபோலக் காட்டும். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் முதலில் அந்த நிறம்தான் வருகிறது. அதற்குப் பிறகுதான் உறையும், உறையின் மேல் தட்டச்சில் இருந்த பெயரும். பல்கலைக்கழகத்தின் தபால் அறையிலிருந்து யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்குத்தானா என்று நான் யோசிக்கவில்லை. என் பெயர் அது.

அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எழுபத்தாறு, அமெரிக்கா தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடிய வருடம். அங்கிருந்து எங்கள் நூலகத்துக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் பரிசாக வந்திருந்தன. பழைய கடிதத் தொகுப்புகள், குடும்ப வரலாறுகள், நாட்குறிப்புகள். அவற்றைப் புத்தகத்துக்கு ஓர் அட்டையாக எழுதிப் பட்டியலிடும் வேலையை எனக்குத் தந்திருந்தார்கள். மேரிலாந்துப் பக்கத்தில் ஒரு பெரிய குடும்பம். தாத்தாவுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர். போதாததற்குத் தூரத்து உறவினரான ஒரு வழக்கறிஞருக்கும் அதே பெயர். எல்லோரும் அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள், எல்லோரும் கடிதம் எழுதுகிறவர்கள். அவர்களுடைய ஊரார் பாவம், தாத்தாவைக் 'குடியேறியவர்' என்றும், மகனை அவர் இருந்த பட்டணத்தின் பெயராலும், வழக்கறிஞரை அவருடைய தொழிலாலும் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். பேரன்தான் நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர். அவர் தன் பெயரோடு தன் பண்ணையின் பெயரையும் சேர்த்தே எழுதிவந்தார். எங்கள் நூலகத்தின் பழைய அட்டைகளிலோ இத்தனை பேரும் ஒரே ஆளாகக் கலந்து கிடந்தார்கள். அதன்படி வழக்கறிஞர் செத்து நாற்பது வருடம் கழிந்த பிறகும் நிதானமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் பிரிவுத் தலைவி, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கும் ஓர் அவுஸ்திரேலியப் பெண்மணி, "பெயர் ஒன்று என்பதற்காக ஆள் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதே" என்று சொல்லி அந்த இழுப்பறையை முழுவதுமாக என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு வாரமாக நான் அந்த வேலையில்தான் இருந்தேன்.

அப்படியிருந்தும் அந்த உறையை நான் சாதாரணமாகப் பிரித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி. அப்பா வெள்ளிக்கிழமை காலமானார், ஞாயிறு தகனம், அண்ணா. கொழும்பிலிருந்து அனுப்பப்பட்டிருந்தது. எனக்கு ஒரே ஒரு அண்ணா, அவர் கொழும்பில் ஒரு வங்கியில் வேலை செய்தார். ஞாயிறு நேற்றே முடிந்துவிட்டது. நான் உறையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, ஏன் என்று தெரியாமல், கையில் இருந்த அட்டையை அது போக வேண்டிய இடத்தில் சரியாகச் செருகினேன். பிறகு எழுந்து படியிறங்கி வெளியே போய் அந்த மஞ்சள் இலைகளுக்கு மேல் நடந்தேன்.

ஐயாவுக்கும் எனக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீடு. ஐயா முப்பது வருடம் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். எனக்கு ஒரு கலியாணம் பேசி முற்றாக்கியிருந்தார். நல்ல இடம்தான். எனக்கு அதே நேரத்தில் மெல்பேர்னில் நூலகப் படிப்புக்கு இடம் கிடைத்தது. நான் கலியாணம் வேண்டாம் என்றேன். "உன்ர விருப்பம். ஆனா எனக்குக் கடிதம் போடாதை" என்றார். நான் வெளிக்கிட்ட அன்று விறாந்தைக் கதிரையில் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பத்திரிகை நடுங்கவில்லை என்பதை அன்று கவனித்தேன். அது எனக்குக் கோபத்தையே தந்தது. படிப்பு முடிந்து அதே நூலகத்தில் வேலையும் கிடைத்த பிறகு அம்மாவுக்கு மட்டும் எழுதினேன். அம்மாவின் பதில்களில் மாடு, மழை, மாமி வீட்டுக் கலியாணம் எல்லாம் இருக்கும், ஐயா இருக்க மாட்டார்.

பிரன்ஸ்விக்கில் ஒரு கிரேக்க விதவையின் வீட்டுப் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். கணவர் போய்ப் பத்து வருடமாகியும் கறுப்புச் சட்டையையே அணிகிறவர். என் முகத்தைப் பார்த்தவுடன் ஒன்றும் கேட்காமல் அவருக்கு விளங்கிவிட்டது. செத்தவர்களுக்குத் தங்கள் ஊரில் செய்யும் வழக்கப்படி கோதுமையை அவித்துச் சீனியும் முந்திரிகை வற்றலும் போட்டு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து தந்தார். என்னிடம் ஐயாவின் படம்கூட இல்லை. ஒரு குடும்பப் படத்தின் ஓரத்தில், யாரோ கூப்பிட்டதைக் கேட்டு அரைவாசி திரும்பியவராக இருந்தார். அதை வைத்து மெழுகுதிரி கொளுத்தினேன். மீன், முட்டை என்று மச்சம் ஒன்றும் தொடவில்லை. அந்த நான்கு நாட்களும் எனக்கு ஒரே நீண்ட பிற்பகலாக நினைவிருக்கின்றன. டிராம் மணி எங்கோ தண்ணீருக்கு அடியில் அடிப்பதுபோலக் கேட்கும். கண்ணை மூடினால் ஐயா தபாற்கந்தோர் சாவிக்கொத்தோடு சைக்கிளில் வருவார், எங்கள் ஒழுங்கையில் இல்லை, பிரன்ஸ்விக் தெருவில், பால்கடைக்கு முன்னால்.

திங்கட்கிழமை மதியமே அம்மாவுக்கு ஒரு தந்தி கொடுத்தேன். செய்தி கிடைத்தது, வர வழியில்லை, என்னை மன்னியுங்கள் என்று. மறுநாள் ஒரு ஏரோகிராம் வாங்கி, அதன் மூன்று மடிப்புகளும் நிறைய எழுதினேன். அம்மாவுக்கு என்று தொடங்கினாலும் இரண்டாவது பந்தியில் அது ஐயாவுக்கான கடிதமாகிவிட்டது. நான் சைக்கிள் பழகியபோது சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தது, முத்திரைகளின் பின்புறத்தை நனைக்க அவர் வைத்திருந்த சிறிய பஞ்சு, என் பரீட்சை முடிவு வந்த நாளில் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னது. கலியாணம் வேண்டாம் என்று சொன்னதற்காக நான் வருந்தவில்லை, ஆனால் பத்திரிகையை விலக்கி அவருடைய முகத்தைப் பார்க்காமல் வந்ததற்காக வருந்துகிறேன் என்று எழுதினேன். செத்துப்போனவருக்கு எழுதுவதில் ஒரு துணிவு இருந்தது. உயிரோடு இருக்கும் மனிதருக்கு நான் அப்படி எழுதியிருக்கவே மாட்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம் வேலையால் வந்தபோது வீட்டுக்கார அம்மா வாசலில் இன்னொரு தந்தியோடு நின்றார். இது என் அறை முகவரிக்கு நேரே வந்திருந்தது. நான் சுகம், என்ன செய்தி கிடைத்தது, ஐயா. அவ்வளவுதான். அதை மூன்று முறை வாசித்தேன். பிறகு படியில் உட்கார்ந்து சிரித்தேன், அல்லது அழுதேன். ஐயாவிடமிருந்து இரண்டு வருடத்தில் வந்த முதல் வார்த்தை, தான் உயிரோடு இருக்கிறேன் என்பது. வீட்டுக்கார அம்மாவுக்கு விளக்கியபோது அவர் சிலுவை போட்டு, என் கன்னத்தைக் கிள்ளி, தானும் சிரித்தார். திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். அவருக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், "அப்படியென்றால் செத்தது யாருடைய அப்பா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் முதல் தந்தியை எடுத்து ஒழுங்காக வாசித்தேன். என் பெயர், என் தகப்பன் பெயரின் முதலெழுத்து, பல்கலைக்கழகத்தின் பெயர். நூலகம் என்று இல்லை. என் அண்ணாவுக்கு என் அறை முகவரி தெரியும். அவர் ஏன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் போகிறார்? கொழும்பு என்று இருந்ததிலும் ஒன்றும் இல்லை, எங்கள் நாட்டிலிருந்து வெளியே போகும் தந்தி எல்லாம் கொழும்பு வழியாகத்தான் வரும். இன்னொன்று, அண்ணாவும் நானும் ஐயா என்றுதான் சொல்வோம். ஆங்கிலத் தந்தியில் அது தெரியாமல் போய்விட்டது. ஒரே பெயரில் நான்கு பேரைக் கொண்ட இழுப்பறைக்கு முன்னால் இருந்துகொண்டு எனக்கு இதில் ஒன்றும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாணவர் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு பெண் கோப்பைப் புரட்டி, "இதோ, இரண்டு மாதத்துக்கு முன் சேர்ந்திருக்கிறார், தாவரவியல், ஆராய்ச்சி மாணவி" என்றார். தபால் அறையில் ஊழியர்களின் பெயர்ப்புத்தகம் மட்டும்தான் இருந்தது, அதில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. எங்கள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் தலைமுறையில் ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று பேருக்கு இருந்த பெயர் அது.

தாவரவியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பாசி, பச்சையாகவும் கபிலமாகவும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் ஒரு பெண் நுணுக்குக்காட்டியில் குனிந்திருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். நான் அவளுடைய பெயரைச் சொல்லி, "நீங்கள்தானோ?" என்று கேட்டேன். தமிழ் கேட்டதும் அவள் எழுந்தே விட்டாள்.

"ஓம், நான்தான். நீங்க?"

"எனக்கும் அதுதான் பேர். நான் கொக்குவில். இஞ்ச நூலகத்தில வேலை."

"அட, எனக்கு ஒரு பேர்க்காரி இருக்கிறாவா இந்த ஊர்ல. நான் மட்டக்களப்பு. ரெண்டு மாசமாத் தமிழ் கதைக்க ஒரு ஆளும் இல்லாமக் கிடந்தன் கா. இரிங்க, தேத்தண்ணி போடுறன்."

அந்த ஊர்ப் பேச்சின் 'கா'வோடு சொல்லிவிட்டு அவள் கெட்டிலின் சுவிட்சைப் போட்டாள். தன் ஊரில் கடலோடு சேரும் வாவியைப் பற்றிச் சொன்னாள், அங்கே உள்ள பாசியையும் இங்கே கடலில் உள்ள பாசியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை வில்லியம்ஸ்டவுன் கடற்கரைக்குப் போய் நாள் முழுக்கப் பாசி பொறுக்கியதையும், அன்றைக்கு நல்ல வெயில் என்பதையும், ஆள் இல்லாத இடத்தில் சத்தம்போட்டுப் பாட்டுப் பாடியதையும், அதையெல்லாம் அன்றே அப்பாவுக்கு எழுதிப்போட்டதையும் சொன்னாள். நான் வந்த விசயத்தைச் சொல்லவில்லை. ஒரு தேநீர் குடிக்கும் நேரம் அவளுக்கு அப்பா இருக்கட்டும் என்று நினைத்தேனா, அல்லது எனக்குத் தைரியம் வரவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோப்பை முடிந்தது. தந்தியை எடுத்துக் கொடுத்தேன்.

வாசித்தாள். உறையின் கிழிந்த ஓரத்தை விரலால் தடவினாள்.

"இதை எப்ப திறந்தீங்க?"

"திங்கக்கிழமை. எனக்கு வந்ததெண்டு நினைச்சிட்டன்."

"இண்டைக்கு வெள்ளி" என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. கிழமையைச் சரிபார்ப்பவளைப்போலச் சொன்னாள். தொட்டிகளில் காற்றுக் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவள் சுவரோரம் கிடந்த நீள வாங்கில் போய் உட்கார்ந்தாள். தந்தியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "இவ்வளவு நாளும் நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

நான் ஒளிக்காமல் சொன்னேன். மெழுகுதிரி, படம், அவித்த கோதுமை, மச்சம் தொடாதது, அம்மாவுக்குக் கொடுத்த தந்தி, கடிதம்.

"அழுதீங்களா?"

"ஓம்."

"கனக்கவா?"

"நாலு நாளும்."

அவள் தலையை ஆட்டினாள். "அப்ப எங்கட அப்பாக்கு இந்த ஊர்ல அழுறதுக்கு ஒரு ஆள் இருந்திருக்கு" என்றாள். "நான் பாட்டுப் பாடிக்கிட்டுத் திரிஞ்சிருக்கன்." அதற்குப் பிறகு அவள் அழத் தொடங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கண்ணீர் வரவில்லை. அவளுடைய அப்பாவுக்காக வைத்திருந்த எல்லாவற்றையும் நான் முன்பே அழுது தீர்த்துவிட்டேன் போலிருந்தது. உள்ளுக்குள் எங்கோ ஓரிடத்தில், என்னுடைய ஐயா இருக்கிறார், இருக்கிறார் என்று ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது. அதை அவள் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்தேன்.

அந்த வார்த்தையோடு எல்லாம் சமாதானமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். முடியவில்லை. அடுத்த கிழமை போனபோது அவள் கதவைத் திறந்து, "வேலை கிடக்கு" என்று சொல்லி மூடிவிட்டாள். அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். எனக்குப் புரிந்தது. நான் நான்கு நாட்கள் அவளுடைய துக்கத்தை வைத்திருந்தவள். என்னுடைய ஐயா திரும்பி வந்தார், அவளுடைய அப்பா வரவில்லை.

மூன்றாவது கிழமை ஐயாவின் கடிதம் வந்தது. நீல உறையில் அந்தப் பழைய சாய்ந்த எழுத்து. உள்ளே இரண்டு தாள்கள். எனக்கு எழுதிய தாளில் நான்கு வரிகள்தான் இருந்தன. 'உன் கடிதம் கொம்மாவுக்கு வந்தது. வாசித்துக் காட்டச் சொன்னேன். பிறகு நானே வாங்கி வாசித்தேன். செத்த பிறகு எழுதுவதை இருக்கும்போதே எழுதினால் என்ன? இனி எழுது.' மற்றத் தாள் நான்காக மடித்து, மேலே என் பெயர் எழுதி, அதற்குப் பக்கத்தில் மட்டக்களப்பு என்று போட்டிருந்தது. நடந்ததை விளக்கி நான் இரண்டாவதாக எழுதிய கடிதமும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். அவளுக்கான தாளை நான் பிரிக்கவில்லை. தாவரவியல் கட்டடத்தில் அவளுடைய தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவள் நூலகத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள். என் மேசைக்கு முன்னால் நின்று, "மூணு கிழமையா உங்களில கோவமாத்தான் இருந்தன் கா" என்றாள். பிறகு அந்தத் தாளை நீட்டினாள். ஐயா எழுதியிருந்தார்: 'பிள்ளை, நான் தபாலில் வேலை செய்தவன். ஆள் மாறிப் போன கடிதத்தை உரியவரிடம் சேர்ப்பது எங்கள் கடமை. உன் தகப்பனாருக்குச் சேர வேண்டிய கண்ணீர் எனக்கு வந்துவிட்டது. மகளின் கடிதத்தை வாசித்தபோது எனக்குப் பெருமையாகவும் வெட்கமாகவும் இருந்தது. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று எனக்கு எழுது. நான் தெரிந்துகொள்ள வேண்டும்.'

அவள் எழுதினாள். அவளுடைய அப்பா வாவியில் தோணிக்காரராகத் தொடங்கி ஒரு சிறிய பலசரக்குக் கடை வைத்தவர், பெண்பிள்ளை படிப்பதற்காகச் சொந்தக்காரர் எல்லோருடனும் சண்டை பிடித்தவர் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ஐயாவின் வழியாகத்தான். மெல்பேர்னில் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தவளைப் பற்றிய செய்தி கொக்குவில் போய்த் திரும்பி வந்து என்னைச் சேரும். அடுத்த மூன்று வருடமும் ஐயாவின் உறைகளில் இரண்டு தாள்கள் இருந்தன. சில தடவை அவளுடைய தாள் என்னுடையதைவிட நீளமாக இருக்கும். எனக்குப் பொறாமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்களில் மெல்பேர்னில் தமிழர்கள் மிகக் குறைவு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவருடைய வீட்டில் கூடிச் சமைத்துச் சாப்பிடுவோம். அங்கே எங்கள் பெயர் தொல்லையாகிப்போனது. ஒருவரைக் கூப்பிட்டால் இருவரும் திரும்புவோம். கடைசியில் என்னைக் கொக்குவில் என்றும் அவளை மட்டக்களப்பு என்றும் கூப்பிடத் தொடங்கினார்கள். "கொக்குவில், அந்தச் சம்பலை இஞ்சால தாங்கோ" என்பார்கள். நான் அவளுக்கு மேரிலாந்துக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். இடத்தின் பெயரைச் சேர்த்து ஒப்பமிட்டவரைப் பற்றிக் கேட்டு அவள் மிகவும் சிரித்தாள். "அவருக்குப் பண்ணை இருந்திச்சு. நமக்கு ஊர்ப் பேரு மட்டும்தான் கிடக்கு" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளோடு வில்லியம்ஸ்டவுனுக்குப் போனேன். அலை வற்றிய நேரத்தில் பாறைகளுக்கு இடையே தண்ணீர் கண்ணாடியாக நிற்கும். பாவாடையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு அவள் குனிந்து நடப்பாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். தூரத்தில் கப்பல்கள் அசையாமல் நிற்கும். எந்தக் கடலில் நிற்கிறோம் என்பதே சில நேரங்களில் மறந்துபோகும்.

அவள் எழுபத்தொன்பதில் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினாள். இங்கேயே இருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். "வாவியை விட்டுட்டு என்னெண்டு கா" என்று கேட்டாள். அங்கே ஒரு பாடசாலையில் படிப்பித்தாள், கலியாணம் செய்தாள், எங்கள் நாட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் ஊடாக அங்கேயே இருந்தாள். போன மாதம் அவளுடைய மகள் தொலைபேசியில் அழைத்து, அம்மா நித்திரையிலேயே போய்விட்டா அன்ரி என்றாள். நான் இப்போது கிரெய்கிபர்னில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே எங்கள் தெருவிலேயே ஆறு தமிழ் வீடுகள். பள்ளிக்கூடத்தில் பேத்தியின் வகுப்பில் பேத்தியின் பெயரிலேயே இன்னொரு பிள்ளையும் இருக்கிறதாம், அதனால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்கிறாள். நூலகத்தில் அட்டைகளும் இல்லை, இழுப்பறைகளும் இல்லை. இன்று மகன் வேலைக்குப் போன பிறகு, என் பெயர்க்காரியின் பழைய கடிதங்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தேன். ஊருக்குப் போன புதிதில் எழுதிய ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அவள் போய் இறங்கிய மாதமே, மட்டக்களப்பிலிருந்து ரயில் மாறி மாறி யாழ்ப்பாணம் போயிருக்கிறாள், ஐயாவைப் பார்க்க. எனக்கு அடுத்த வருடம்தான் போகக் கிடைத்தது. ஐயா ஸ்டேசனுக்கு வந்து நின்றாராம். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனை, கடிதங்களில் இருந்ததைவிட உயரம் குறைவு என்று எழுதியிருந்தாள். வழியில் கண்டவர்களிடமெல்லாம், "என்ர மகளின்ர பேர்தான் இவவுக்கும்" என்று சொல்லிக்கொண்டு வந்தாராம். அம்மா நண்டுக் கறி வைத்திருந்தாவாம். இவள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றாள். இலை போட்டாயிற்று. ஐயா விறாந்தையில் நின்று, சாப்பிட வரும்படி, அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். ஊர்ப் பெயர் சேர்க்காமல், வெறும் பெயரை. அவள் ஓம் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தபோது அம்மா குசினி வாசலில் அகப்பையோடு அப்படியே நின்றாவாம். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாம். என்னம்மா என்று கேட்டதற்கு அம்மா ஐயாவுக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னாவாம், "ஒண்டுமில்லைப் பிள்ளை. அஞ்சு வரியத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் அவர் அந்தப் பேரை வாய்திறந்து கூப்பிடுறார்."